தகரத்து மழை

எதைப் போடுவதற்கு முன்பும் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் போடுவாள். டிவியோ ரேடியோவோ, விரல் முதலில் சத்தத்தின் குமிழுக்குத்தான் போகும். அடியோடு குறைத்து, பிறகு சுவிட்சைத் தட்டி, பிறகு நூல் நூலாக ஏற்றுவாள். அணைக்கும்போதும் அப்படியே. கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு வருகிற அவள் கணவர், குக்கருக்கு மட்டும் ஒரு குமிழ் இருந்தால் இவள் விசிலையும் குறைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் இறங்கி மேலே இருப்பவனுக்குக் கேட்கும்படி கத்திக் கத்திப் பழகியவர். வீட்டிலும் அவள் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

தெருவில் அவளுக்குப் பெயர் ரெக்சின் அக்கா. ஸ்கூட்டர் சீட், பஸ் சீட், சலூன் நாற்காலி, சோபா எதற்கும் உறை தைப்பாள். படிப்பு பாதியில் நின்றபோது ஒரு சீட் தைக்கிற பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள், கை படிந்துவிட்டது. இப்போது வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒரு பெரிய தையல் மெஷின், சுவரோரம் ஸ்பாஞ்சு அடுக்கு, எப்போதும் பசை வாசனை. கிழிந்த சோபா ஒன்று வந்தால் அவள் முதலில் செய்வது பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்ப்பது. முன்னால் தைத்தவர் எங்கே அவசரப்பட்டார், எங்கே துணி போதாமல் ஒட்டுப் போட்டார், எல்லாம் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்லமாட்டாள்.

ரேடியோ ரிப்பேர் கடைக்காரருடைய சோபாவுக்கு அளவெடுக்கப் போன இடத்தில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். செத்துப்போன டிவிகளுக்குப் பின்னால், கறுப்பாக, ஒரு ஆள் நீளத்துக்குச் சாய்த்து வைத்திருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் அதை மேஜைமேல் படுக்கவைத்து சுவிட்சைப் போட்டார். சின்னதாக ஒரு பச்சைத் திரை விழித்தது. ஒரு கட்டையை அழுத்தினார். யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு ஒலி கடை முழுக்கப் பரவி, மெல்ல மெல்ல அடங்கியது.

"இது சும்மா கீபோர்டு இல்லம்மா. உள்ள ஒரு கச்சேரியே இருக்கு. வாசிச்சா ஞாபகம் வெச்சுக்கும், திரும்ப அதுவே வாசிக்கும். சத்தத்தையும் நாமளே செஞ்சுக்கலாம். ஒரு காலத்துல இதுக்கு அடிதடி. இப்ப சீந்துவாரில்ல."

அவள் அளவு நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள். பிறகு, சோபாவுக்கும் அவர் வீட்டு நாற்காலிகளுக்கும் உறை தைத்துத் தருவதாகவும், கூலிக்குப் பதில் அதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். தனக்கென்று ஒன்றை வாய்விட்டுக் கேட்டது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். கேட்டு முடித்ததும் காது மடல் சுட்டது.

பெட்டியைத் தூக்கி வந்த கணவர், இதற்கு லிஃப்ட் மோட்டாரே தேவலாம் என்றார். அதோடு சரி. எதற்கு வாங்கினாய் என்று கேட்கவில்லை. அவரிடம் அவளுக்குப் பிடித்தது அதுதான்.

அவளுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பாட்டு வாசிக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஒட்டிய ஸ்பாஞ்சு காய்கிற நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒலியாகக் கேட்பாள். பிறகு அதைப் பிரிப்பாள். அந்தப் பெட்டியில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒலியின் உள்பக்கம் திறக்கும்: எந்த ஒலியின்மேல் எந்த ஒலியை அடுக்கியிருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது, எவ்வளவு மெதுவாக மங்குகிறது, கூர்மையை எங்கே மழுக்கியிருக்கிறது, எல்லாம் எண்ணாக வரும். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எண்ணுக்கு மொழி ஏது? ஒரு எண்ணை ஏற்றினால் புல்லாங்குழல் கரகரக்கும், இன்னொன்றைக் குறைத்தால் பியானோ தண்ணீருக்குள் போய்விடும். சோபா உறைக்குள் கைவிட்டுப் பார்க்கிற மாதிரியேதான். கொஞ்ச நாளில் லிஃப்ட் கதவு மூடுகிற ஒலி ஒன்றைச் செய்துவிட்டாள். கேட்ட கணவர் அனிச்சையாகக் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பெட்டியின் ஞாபகத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. முதல் வரிசை கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்தது. இரண்டாவது வரிசையை யாரோ செய்து வைத்திருந்தார்கள்; அதில் மிச்சமிருந்த காலி இடத்தில்தான் அவள் செய்தவை போய் உட்கார்ந்தன. பெயர்களைப் பார்த்தாலே தெரிந்தது. கம்பெனிப் பெயர்கள் பளபளப்பாக இருக்கும். இவை இங்கிலீஷ் எழுத்தில் 'பஸ்', 'கதவு', 'ராத்திரி' என்று அவசரத்தில் கிறுக்கியவை போல இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் 'தகரம் நாலு'.

அதை அழுத்தினால் முதலில் ஒரே ஒரு சொட்டு விழும். அப்புறம் ஒன்றும் இருக்காது. கெட்டுப்போய்விட்டது என்று கையை எடுக்கப்போகிற நேரத்தில் இன்னொரு சொட்டு. பிறகு இரண்டு, நான்கு. பிறகு தகரக் கூரை மேல் சடசடவென்று மழை. கட்டையை இன்னும் அழுத்தினால் மழை நம் பக்கமாக நகர்ந்து வரும். கையை எடுத்தால் சட்டென்று நிற்காது. மழை ஓய்ந்த பிறகு கூரை விளிம்பில் வடிகிற தண்ணீர் கொஞ்ச நேரம் சொட்டும். முதல் தடவை கேட்டபோது அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலில் காய்கிற துணியை எடுக்கப் போனாள்.

அந்த இரண்டாவது வரிசையில் யாரோ செய்து வைத்த எதையும் அவள் பிரித்துப் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறப்பது போலிருந்தது. வாசித்து மட்டும் பார்ப்பாள்.

போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிற ஒருவர் ஓய்வு நேரத்தில் நாடகம் போடுவார். கவுண்டரில் ஸ்டாம்ப் கிழித்துக் கொடுக்கும்போதுகூட ஊரே அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வெளியே நின்று சரிசெய்த கணவர், உள்ளே இருப்பவர் பயப்படாமல் இருக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தார். பேச வேறு விஷயம் இல்லாததால் மனைவியின் பெட்டியைப் பற்றியே பேசினார். கதவு திறந்ததும் டைரக்டர் முதலில் கேட்டது, அந்த அம்மா நாடகத்துக்குச் சத்தம் போட்டுத் தருவார்களா என்பதுதான்.

அவள் மாட்டேன் என்றாள். கணவர் அவளுக்காகச் சரி என்றுவிட்டார்.

வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் ஒரு குடும்பத்தின் கதை அது. மணி அடிப்பது, வண்டி ஹாரன், பெட்டி இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் அவளே செய்தாள், ஒவ்வொன்றாக, இரவலில்லாமல். கடைசிக் காட்சியில் எல்லோரும் போனபிறகு அம்மா மட்டும் வெற்று வீட்டில் நிற்பாள், மழை பிடிக்கும். டைரக்டர் எங்கிருந்தோ பதிவு செய்து கொண்டுவந்த மழை அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. ஒத்திகை நிற்கக்கூடாதே என்று அவள் 'தகரம் நாலை' அழுத்தினாள். அப்போதைக்கு ஒப்பேற்றத்தான்.

முதல் சொட்டு விழுந்தது. அம்மா வேஷக்காரி பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். அவள் பாகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. மழை பிடித்து ஓய்ந்து கூரை சொட்டி முடிக்கிறவரை யாரும் அசையவில்லை.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "அக்கா, இது நீங்க பண்ணதா?"

பெட்டியில் இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பெட்டி தூக்க வந்திருந்த கணவர், "பின்ன? மத்தியானம் பூரா காதுல அத மாட்டிக்கிட்டு வேற என்ன பண்றாங்கறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலையை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடக்கம் என்றும் எடுத்துக்கொண்டார்கள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் நாடக நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. இசை, ஒலி என்று போட்டு அதற்கு நேரே அவள் முழுப்பெயர். பள்ளிக்கூட ரிஜிஸ்டருக்குப் பிறகு அந்தப் பெயர் முழுசாக எங்கும் வந்ததில்லை. அவள் நோட்டீஸை மடித்து மெஷினின் நூல் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நாடகத்தன்று மழை விழுந்தபோது அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முன்வரிசையில் ஒருவர் சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டதை அவள் திரையோரத்திலிருந்து பார்த்தாள். முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். யார் கையைப் பிடித்தாலும் அவள் உள்ளங்கை வியர்க்கும். அன்று வியர்க்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு மிகவும் கூசியது: அன்று அவளுக்கு நன்றாக இருந்தது. இனித்தது.

கூட்டம் குறைந்தபிறகு, ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு வயதானவர் வந்தார். அம்மா வேஷக்காரியின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டார். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மழைம்மா. மொதல்ல ஒரே ஒரு சொட்டு, அப்புறம் ஒரு இடைவெளி வருதே. அத எப்படிப் பண்ணீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியிருக்கலாம், அவளுக்குக் கைவந்த வித்தை அது. ஆனால் பக்கத்தில் டைரக்டர் நின்றார், கணவர் நின்றார், அவ்வளவு நேரமும் பாராட்டைக் குடித்து அவளுக்கு நாக்குக் கட்டவிழ்ந்திருந்தது.

"ரேடியோல ஸ்டேஷன் கெடைக்காதப்ப ஒரு எரைச்சல் வரும்ல சார், அந்த மாதிரி ஒண்ணு பெட்டியில இருக்கு. அத எடுத்து மழுக்கி மழுக்கி மழையாக்கினேன். சொட்டு தனி."

"எரைச்சல்லேர்ந்தா?"

"ஆமா சார். சட்டுனு வரல. நாலாவது தடவைதான் சரியா வந்துச்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நாலாவது தடவையா. சரிம்மா," என்றார். போகும்போது, பழைய பெட்டி ஆயிற்றே, நாடகத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போட்டு வையுங்கள், சில நாள் திரை விழிக்க நேரமாகும் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு வயர் வாங்க ரிப்பேர் கடைக்குப் போனபோது கடைக்காரர் சிரிப்போடு காத்திருந்தார்.

"பல்செட் செய்யறவர் ஒருத்தர் உங்க நாடகம் பாக்க வந்திருந்தாராமே. அவர் பெட்டிதாம்மா அது. விக்கும்போது, உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டுக் குடுங்கன்னு சொன்னார். எனக்கு எங்க நேரம்? அப்படியே குடுத்துட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த வயரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் கோவமில்லம்மா அவருக்கு. என் மழைய ஒரு அம்மா வாசிச்சாங்க, அத எப்படிப் பண்றதுன்னு எனக்கே வெளக்கமா சொல்லியும் குடுத்தாங்கன்னு சிரிச்சார்."

அறைந்திருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. வயரை வாங்காமலே வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்த நாலாவது தடவை அவளோடு நடந்து வந்தது. அடுத்தவர் பொருளை எடுத்ததுகூட ஒருபக்கம். அவர் மூன்று முறை தோற்றதையும் அல்லவா தனதென்று சொல்லிக்கொண்டாள்! அதைச் செய்தவர் முகத்துக்கு நேரே, அதுவும் வாய்க்கு வந்தபடி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று ஒரு சலூன் நாற்காலி உறையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்து முடித்த பிறகுதான் கவனித்தாள். உடம்பு சரியில்லையா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றாள். அதுவும் ஒரு பொய்யாகப் போயிற்று.

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. பேசவேண்டியிராத வழி. இரண்டாவது வரிசையை அப்படியே ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து, ரிப்பேர் கடையில் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்லிவிடலாம். அவருடையது அவரிடம் போய்விடும். அவர் புரிந்துகொள்வார். நேரே நிற்கவேண்டாம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஃப்ளாப்பி போடுகிற வாய் ஒன்று உண்டு. அவள் அதைத் தொட்டதே இல்லை. புது ஃப்ளாப்பியைப் போட்டு, எடுத்து வை என்று சொன்னால், பெட்டி கொஞ்ச நேரம் கரகரவென்று மென்றுவிட்டு முடியாது என்றது. மறுபடி போட்டாள். மறுபடி முடியாது என்றது. ஃப்ளாப்பி மோசமா, வாய் மோசமா? அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியோடு கம்பெனி ஃப்ளாப்பி ஒன்று வந்திருந்தது. அதைப் போட்டுப் படிக்கச் சொன்னால் தெரிந்துவிடுமே. போட்டாள். படி என்றாள். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டது. அது எதற்கெடுத்தாலும் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்று அழுத்தினாள்.

வாய் நன்றாகவே வேலை செய்தது. முனகிக்கொண்டே படித்து முடித்து, முடிந்தது என்று எழுதிக் காட்டியது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஃப்ளாப்பிதான் மோசம், வேறு வாங்கினால் போதும் என்று இரண்டாவது வரிசைக்குப் போனாள். 'தகரம் நாலு' இருந்த இடத்தில் கம்பெனிக்காரர்களின் டிரம்பெட் இருந்தது.

முன்னும் பின்னும் போய்ப் பார்த்தாள். பஸ் இல்லை. கதவு இல்லை. ராத்திரி இல்லை. ஃப்ளாப்பியிலிருந்து படிப்பது என்றால் அதில் இருப்பதைக் கொண்டுவந்து இங்கே இருப்பதன் மேல் கொட்டுவது என்று அப்போதுதான் உறைத்தது. அவள் செய்த லிஃப்ட் கதவும் மணியும் ஹாரனும் போயிருந்தன. அவை அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டாள். திரும்பப் போட்டாள். டிரம்பெட்தான்.

அதற்குப் பிறகு பசை காய்கிற நேரமெல்லாம் மழை செய்வதிலேயே போனது. அவரிடம் அளந்துவிட்டபடி முதலில் ரேடியோ இரைச்சலை எடுத்து மழுக்கினாள். எண்ணெய்ச் சட்டிதான் வந்தது. சொன்ன பொய்கூட உருப்படியான பொய்யில்லை. ஒரே ஒரு முறை அந்த ஒலியைத் திறந்து பார்த்திருந்தால் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்தவர் அலமாரியைத் திறக்கக் கூசினவளுக்கு, அலமாரியே என்னுடையது என்று சொல்லக் கூசவில்லையே!

மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம் ஒன்று கம்பெனி வரிசையில் உண்டு. அதன் நாதத்தை வெட்டிப்போட்டு, தட்டுகிற 'டொக்'கை மட்டும் வைத்துக்கொண்டபோது ஒரு சொட்டு கிடைத்தது. அதையே மூன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தாமதிக்க வைத்தபோது இடைவெளி வந்தது. இப்படித்தான் செய்திருப்பார் என்று தெரிந்தது. அவர் எப்படி யோசித்தார் என்பதுகூடத் தெரிய ஆரம்பித்தது. மழை பிடித்தது. ஆனால் ஓய்ந்த பிறகு கூரை விளிம்பு சொட்டவேண்டுமே, அது மட்டும் என்ன செய்தும் வரவில்லை. கையை எடுத்தால் குழாயை மூடினாற்போல மழை நின்றது.

டைரக்டர் நாடகத்தை வேறொரு அரங்கத்தில் மறுபடி போடுவதாகச் சொல்லி ஒத்திகைக்குக் கூப்பிட்டார். கடைசிக் காட்சியில் அவள் தன் மழையை வாசித்தாள். அம்மா வேஷக்காரி மேலே பார்த்தாள். இப்போது அது அவள் பாகத்தில் இருந்தது. டைரக்டர் தலையைச் சொறிந்தார்.

"மழை மாறியிருக்கே அக்கா. பழசையே போட்டுடுங்க. அதுதான் உயிரு."

தேடிப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தாள். அம்மா வேஷக்காரி பக்கத்தில் வந்து, தன் அண்ணன் வீட்டில் அந்த மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதாகவும், எதைக் கேட்டாலும் நொட்டை சொல்கிற மனிதர் இந்த நாடகத்துக்கு மட்டும் திரும்ப வருகிறேன் என்று அவரே சொன்னதாகவும் சந்தோஷமாகச் சொன்னாள். அவள் சிரிப்பில் கள்ளம் ஒன்றும் இல்லை. அண்ணன் தங்கையிடம்கூட விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. ரெக்சின் அக்காவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று விட்டிருக்கிறார். அவர் வந்து உட்கார்ந்து, தன் மழைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது இந்தக் குழாய் மழையை எப்படி வாசிப்பது?

மறுநாள் கணவரிடம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பிறகு வாசல் வரை போனவள் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். கடைசியில், "அன்னிக்கு நான்தான் முந்திரிக்கொட்ட மாதிரி வாய விட்டேன். நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றாள்.

பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அவர் பல்செட் செய்கிற இடம். அலமாரி நெடுக சுண்ணாம்புத் தாடைகள் வாயைத் திறந்தபடி இருந்தன. அவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு பல்வரிசையை ராவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி, ஸ்டூலில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று தோன்றியது.

"சார், அந்த மழை உங்களுது. நான் பண்ணதா சொன்னது பொய்."

"தெரியும்மா. உட்காருங்க."

"இப்ப அது இல்ல சார். ஃப்ளாப்பியில எடுத்து உங்ககிட்ட சேத்துடலாம்னு பாத்தேன். தெரியாம எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

அதுவரை லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தவருடைய முகம் மாறியது. துணியைக் கீழே இறக்கினார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ராத்திரின்னு ஒண்ணு இருக்குமே."

அதுவும் போய்விட்டது என்று அவள் தலையசைத்தாள். அவர் கையிலிருந்த பல்வரிசையை மேஜைமேல் வைத்தார். அது அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் அடங்கின குரலில் பேசினார். மகள் வீட்டுக்குக் குடிபோனபோது பெட்டி வைக்க இடமில்லாமல்தான் விற்றாராம். பெட்டியே போகும்போது சத்தத்தை மட்டும் எடுத்து வைத்து என்ன செய்வது என்று விட்டுவிட்டாராம். அழிந்துபோயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"நீங்க உங்களுதுன்னு சொன்னப்ப எனக்குக் கோவமே வரலம்மா. அட, இருக்குதேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு இருந்தேன். இப்பதான் கஷ்டமா இருக்கு."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுண்ணாம்புத் தாடைகளைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளை வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்குப் பதிலாக, கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டாள். அந்தக் கூரை விளிம்பு சொட்டுவதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். கேட்ட உடனேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஞாபகமில்ல. சொல்லக்கூடாதுன்னு இல்லம்மா. அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்."

அன்று மாலை ஒத்திகையில் எல்லோரும் இருக்கும்போதே டைரக்டரிடம் சொன்னாள். அம்மா வேஷக்காரியும் கேட்டுக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்தால் மறுபடி அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து, நிமிர்ந்து, டைரக்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த மழை தன்னுடையதில்லை, இன்னாருடையது, இப்போது யாரிடமும் இல்லை, இருப்பது இதுதான். டைரக்டர், "இதுக்குப் போயா அக்கா, பெட்டிக்குள்ள இருந்தா பெட்டிக்காரங்களுதுதானே," என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் அவளை இன்னும் குன்றவைத்தது. அம்மா வேஷக்காரி தன் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாவது முறை நாடகம் நடந்தபோது பல்செட்காரர் வரவில்லை. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய மழையைக் கேட்டார். கட்டையை அழுத்தி மழையைக் கிட்டே வரவைத்தார், கையை எடுத்தார், அது நிற்பதைக் கேட்டார். நல்ல மழைதான், ஆனால் இது ஓட்டுக் கூரை மேல் பெய்கிறது என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு வரவில்லை.

நாடகத்தை இப்போதும் எப்போதாவது போடுகிறார்கள். அவள் தன் மழையைத்தான் வாசிக்கிறாள். சட்டென்று நிற்பது தெரியாமலிருக்க டைரக்டர் அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார். அம்மா வேஷக்காரி அவளோடு பேசுகிறாள், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. பெட்டி முன்னறையில் ஸ்பாஞ்சு அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது வரிசையில் கம்பெனி ஒலிகளுக்கு நடுவே அவளுடைய மழையும் அவள் மறுபடி செய்த மணியும் ஹாரனும் மட்டும் இருக்கின்றன. அவருடையது ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அவர் தலையசைக்கிறார். அவளும் தலையசைக்கிறாள். நின்று பேசிக்கொள்வதில்லை.